பிரஸ் ஷாப்பில் போன விரல் நுனி: ரிஜெக்ட் தொட்டியில் மூன்று வாரம் கிடந்த எச்சரிக்கை

நிகழ்வு

2018-ல், சென்னைக்கு மேற்கே உள்ள தொழிற்பேட்டை ஒன்றில், இருசக்கர வாகனங்களுக்கு பிராக்கெட், கிளிப், வாஷர் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் (தகட்டை அடித்து வெட்டும், வளைக்கும் மிஷின்கள்தான் பிரஸ்), 22 வயது ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது. நடு விரல் நகமும் நசுங்கியது. விபத்துக்குப் பிறகு, பாதுகாப்பு ஆலோசகனாக என்னை வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த மாதிரி விபத்து பிரஸ் ஷாப்களில் புதிதில்லை. ஆனால் இதில் விபத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே மிஷின் தன் பழுதை ஒரு ரிஜிஸ்டரில் எழுத வைத்துக்கொண்டே இருந்தது, அதைப் படிக்க வேண்டியவர்கள் யாரும் படிக்கவில்லை. பிரஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால்தான் முழுசாக எழுதுகிறேன்.

பின்னணி

மொத்தம் 60 பேர் வேலை செய்யும் இடம், அதில் பாதிக்கு மேல் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள், பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். 11 பிரஸ். அவற்றில் நான்கு, காற்றழுத்தத்தில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் உள்ளவை. மீதி ஏழும் பழைய பின் கிளட்ச் மிஷின்கள்.

இந்த வித்தியாசம் தெரியாமல் மேலே படித்தால் எதுவும் புரியாது, அதனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பின் கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை மிதித்தால் ஒரு பின் போய், மோட்டார் சுழற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் உள்ள பள்ளத்தில் விழும், கிராங்க் ஃபிளைவீலோடு சேர்ந்து சுற்றும், மேலிருந்து தகட்டை அடிக்கும் பாகமான ராம் இறங்கி ஏறும். பின் ஒரு தடவை விழுந்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியாமல் அது வெளியே வராது. நடுவில் யார் கத்தினாலும், எந்தப் பட்டனை அமுக்கினாலும், மோட்டாரையே நிறுத்தினாலும் ராம் நிற்காது, ஏனென்றால் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபிளைவீலில் உள்ள சக்தியே அந்த ஒரு அடிக்குத் தாராளமாகப் போதும். ஃப்ரிக்‌ஷன் கிளட்ச்சில் அப்படியில்லை, காற்றை வெளியேற்றினால் பிரேக் பிடிக்கும், பாதி வழியில்கூட ராம் நின்றுவிடும்.

விபத்து நடந்தது 30 டன் பின் கிளட்ச் பிரஸ்ஸில். பல வருஷமாக அதில் ஸ்ட்ரிப் (நீளத் தகடு) கொடுத்து பிளாங்க் (துண்டு) வெட்டும் வேலைதான் ஓடியது. ஸ்ட்ரிப் வேலையில் கை டைக்கு (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக்கு) வெளியே இருக்கும், தகட்டைத் தள்ளிக்கொண்டே போனால் போதும். விபத்துக்கு மூன்று வாரம் முன்னால், வளைக்கும் வேலை செய்யும் வேறொரு பிரஸ் பழுதாகி நின்றது, கஸ்டமரிடமிருந்து அவசர ஆர்டர், அந்த பெண்டிங் (வளைக்கும்) டையைக் கழற்றி இந்த 30 டன்னில் மாட்டினார்கள். பெண்டிங்கில் ஒவ்வொரு பீஸையும் கையால் உள்ளே வைத்து, அடித்தபின் கையால் எடுக்க வேண்டும். மிஷின் அதேதான், டையும் ஏற்கெனவே ஓடியதுதான், அதனால் புது ஆபத்து ஒன்று வந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று அதிகாலை

12 மணி நேர இரவு ஷிப்டின் கடைசி மணி. பையன் பிளாங்க்கை வைத்தான், பெடலை மிதித்தான், காலை எடுத்தான். ராம் இறங்கி மேலே போனது. வளைந்த பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்டான். ராம் மறுபடி இறங்கியது. காலை எடுத்துவிட்டேன் என்று அவன் கடைசிவரை மாறாமல் சொன்னான், பக்கத்து மிஷினில் இருந்தவரும் அதையே சொன்னார்.

முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும்தான் இருந்தன. சூப்பர்வைசர் பதற்றத்தில் துண்டான நுனியை நேரடியாக ஐஸ் கட்டிகளுக்குள் போட்டுக் கொண்டுபோனார். அப்படிச் செய்யக் கூடாது, சதை உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். இங்கே நுனி நசுங்கியே போயிருந்ததால் சேர்த்துத் தைக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனாலும் இதைத் தெரிந்து வைத்திருப்பது அடுத்தவருக்கு உதவும்.

பையன் பெயர் இஎஸ்ஐயில் இருந்தது. வேலைக்கு வராத நாட்களுக்கு சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைத்தது. ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால், காயங்களுக்கான சட்ட அட்டவணைப்படி 9 சதவீத சம்பாதிக்கும் திறன் இழப்பு, முழு விரலும் போனால் 14, கட்டைவிரல் என்றால் 30. அந்த அட்டவணையை ஒரு தடவை வரி வரியாகப் படித்துவிட்டு பிரஸ் ஷாப்புக்குள் நடந்து பாருங்கள், ஒவ்வொரு கையும் எத்தனை சதவீதத்தைப் பணயம் வைத்து வேலை செய்கிறது என்று கண்ணில் படும்.

முதல் அறிக்கை

48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் அப்போது அமலில் இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி தகவல் கொடுத்தாக வேண்டும், கொடுத்தார்கள். உள்ளுக்குள் எழுதிக்கொண்ட அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இருந்தது. தீர்வு என்ற கட்டத்தில் மூன்று வரி: எல்லாருக்கும் கையுறை, சுவரில் எச்சரிக்கை பேனர், ஏழு பின் கிளட்ச் பிரஸ்ஸுக்கும் லைட் கர்ட்டன் (கை குறுக்கிட்டால் மிஷினை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை).

முதலாளி கெட்டவர் இல்லை. பையனை ஆஸ்பத்திரியில் தினமும் போய்ப் பார்த்தார், பணம் செலவழிக்கத் தயாராக இருந்தார். ஆனால் 30 டன் அடிக்கு முன்னால் கையுறை ஒன்றுமே செய்யாது. பேனர் தமிழில், மிஷின் ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மூன்றாவது வரிதான் ரொம்ப ஆபத்தானது, அதற்குக் கீழே வருகிறேன்.

மிஷினில் பார்த்தது

மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சில் பூட்டு போட்டு, ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்துவிட்டு, மிஷின்களில் டை மாட்டும் டை செட்டர் கிளட்ச்சைத் திறந்து காட்டினார். 30 வருஷ அனுபவம் உள்ளவர், கழற்றிப் பார்த்ததும் அவரே சொல்லிவிட்டார். காலை எடுத்ததும் பின்னைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டிய நாக்கின் விளிம்பு தேய்ந்து உருண்டை ஆகியிருந்தது. அதைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. போதாக்குறைக்கு பிரேக் பெல்ட்டில் ஆயில், கிராங்க் மேலே வந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு தாண்டும் நிலை. பத்து, இருபது அடிக்கு ஒன்றும் ஆகாது, எப்போதாவது ஒரு தடவை பின் வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும், ராம் இன்னொரு அடி அடித்துவிட்டுத்தான் நிற்கும். டபுள் ஸ்ட்ரோக் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

"இது இன்னிக்கு வந்த தேய்மானம் இல்ல சார், ரொம்ப நாளா இருக்கும்" என்றார் டை செட்டர். அப்படியென்றால் ஸ்ட்ரிப் வேலை ஓடியபோதும் டபுள் ஸ்ட்ரோக் அடித்திருக்க வேண்டும். அடித்திருக்கிறது. ஸ்ட்ரிப்பில் ராம் இரண்டாவது தடவை வந்தால் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையிலேயே அடித்துவிட்டுப் போகும், சத்தம் மட்டும் ஒன்று கூடுதலாகக் கேட்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதே பழுது, கை உள்ளே போகும் வேலை வந்தவுடன் விரலை எடுத்தது.

ரிஜெக்ட் தொட்டி

இதை முதலில் சொன்னவர் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்காரும் ஒரு அக்கா. பக்கத்து கிராமத்திலிருந்து வருகிறவர், அளவு பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது அவர் வேலை. விசாரணைக்காக ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், இந்த டபுள் மார்க் வர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

வளைத்த பீஸின் மேல் ராம் இரண்டாவது தடவை விழுந்தால், பீஸ் கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்பதால், முதல் அடியின் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் விழும். அப்படிப்பட்ட பீஸ்களை அவர் தவறாமல் ஒதுக்கி, 'டபுள் மார்க்' என்று ரிஜிஸ்டரில் எழுதி வந்திருக்கிறார். பக்கங்களைப் புரட்டினோம். பெண்டிங் டை அந்தப் பிரஸ்ஸுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே பதிவு இருந்தது. போகப் போக அதிகமாகியிருந்தது. தினசரி ரிஜெக்ட் மொத்தம் அனுமதித்த அளவுக்குள் இருந்ததால் புரொடக்‌ஷன் கூட்டத்தில் யாரும் காரணத்தைக் கேட்கவில்லை. அந்த ரிஜிஸ்டர் தரத்துக்கானது. மெயின்டெனன்ஸ் ஆட்கள் அதைப் பார்ப்பதில்லை, அந்த அக்காவுக்கோ டபுள் மார்க் என்றால் ராம் தானாக இறங்கியது என்று அர்த்தம் என யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு டபுள் மார்க் பீஸும், அந்த நொடியில் கை உள்ளே இல்லாததால் தப்பிய ஒரு விபத்து. தொட்டியிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கியபோது முதலாளி ரொம்ப நேரம் பேசவில்லை.

கை ஏன் உள்ளே போனது

கையை விடாதே என்று சொல்வதற்கு முன்னால் அவன் ஏன் விட்டான் என்று கேட்க வேண்டும். பீஸை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங் உடைந்திருந்தது, பீஸ் டையிலேயே ஒட்டிக்கொள்ளும். இடுக்கி இருந்ததா என்றால், ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. இரும்பு இடுக்கி. ஒரு தடவை அது டைக்குள் மாட்டி பஞ்ச் முனை உடைந்துவிட, டூல் ரூம்காரர்கள் இடுக்கியையே தடை செய்துவிட்டார்கள். டை விலை அவர்களுக்குத் தெரியும், அவர்கள் பக்கம் பார்த்தால் நியாயம்தான். அலுமினிய இடுக்கி வாங்கிக் கொடுத்திருந்தால் டையும் தப்பியிருக்கும், விரலும் தப்பியிருக்கும். அலுமினியம் மெத்தென்று நசுங்கிவிடும், பஞ்சை உடைக்காது. டையைக் காப்பாற்ற எடுத்த ஒரு முடிவு, யாரும் அப்படி நினைக்காமலே, கையை உள்ளே அனுப்பிவிட்டது.

இது போக மணிக்கு இத்தனை பீஸ் என்ற இன்சென்டிவ். எஜெக்டர் உடைந்ததைச் சொல்லி மிஷினை நிறுத்தினால் அந்த நேரம் பையனின் கணக்கில்தான் குறையும். அவன் எப்படிச் சொல்வான்?

லைட் கர்ட்டன் சோதனை

ஏற்கெனவே இரண்டு பின் கிளட்ச் பிரஸ்களில் லைட் கர்ட்டன் மாட்டியிருந்தார்கள். ஒரு கஸ்டமர் ஆடிட்டில் கேட்டார்களாம். ஒளித்திரையைக் கை குறுக்கிட்டால் மோட்டார் நிற்கும்படி ஒயரிங். முதலாளிக்கு அதில் பெரிய நம்பிக்கை, விபத்து நடந்த மிஷினிலும் அது இருந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்றே நினைத்தார்.

வார்த்தையில் விளக்குவதை விடச் செய்து காட்டலாம் என்று, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கர்ட்டன் போட்ட பிரஸ் ஒன்றில் டை செட்டர் பெடலை மிதிக்க, ராம் கிளம்பியதும் ஒரு நீளமான மரக்குச்சியை ஒளித்திரைக்குள் நீட்டினேன். மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்டர் டக்கென்று விழுந்தது, மோட்டார் சத்தம் அடங்கியது, ராம் முழுசாக இறங்கி குச்சியைத் தகடாக்கிவிட்டு மேலே போனது. அந்த மிஷினில் வேலை செய்த பையன் முகத்தைத்தான் பார்த்தேன். இத்தனை நாளாக அந்தச் சிவப்பு விளக்கை நம்பி அவன் கையை விட்டுக்கொண்டிருந்தான். கர்ட்டன் இல்லாத மிஷினில் பயமாவது இருக்கும்.

அப்போது புரொடக்‌ஷன் மேனேஜர், "சரி சார், ரெண்டு கைக்கும் பட்டன் வெச்சிடலாமே" என்றார். நல்ல யோசனைதான், ஆனால் இந்த மிஷினுக்குக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில் இதற்கு ஒரு வழி உண்டு. ஃபிளைவீலில் பின் விழும் பள்ளம் ஒன்றே ஒன்று என்றால், மோசமான நேரத்தில் அது ஒரு முழுச் சுற்று சுற்றி வந்த பிறகுதான் பின் விழும், அப்புறம் ராம் கீழே வர அரைச் சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு நொடி, மொத்தம் ஒன்றரை நொடி. கை நொடிக்கு 1.6 மீட்டர் போகும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆக, பட்டனை விட்டுவிட்டுக் கை டைக்குப் போய்ச் சேராமல் இருக்க, பட்டன் 2.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மிஷினுக்கு முன்னால் அரை மீட்டரில் பட்டன் வைத்தால் பட்டனை அமுக்கிவிட்டு பீஸைச் சரிசெய்யக் கை உள்ளே போய்விடும். டபுள் ஸ்ட்ரோக் வந்தால் 2.4 மீட்டரும் உதவாது, ஏனென்றால் அது பட்டனைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

எடுத்த முடிவுகள்

பின் கிளட்ச் மிஷினை நிறுத்த முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் மீதி முடிவுகள் தானாக வரும்: அந்த ஏழு மிஷினிலும் கை உள்ளே போகவே கூடாது. கையால் வைத்து எடுக்கும் வேலைகளை முடிந்தவரை நான்கு ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ்களுக்கு மாற்றினார்கள். பின் கிளட்ச்சில் ஸ்ட்ரிப் வேலை மட்டும், அதுவும் டையைச் சுற்றிலும் நிலையான கம்பி வலைக் கார்டு (தடுப்பு) போட்டு, ஸ்ட்ரிப் நுழைய விரல் போகாத அளவு, 6 மி.மீ.க்கு மிகாத இடைவெளி விட்டு. அப்போது அமலில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948-ன் 21-ஆம் பிரிவு ஆபத்தான பாகங்களை உறுதியான தடுப்பால் மூட வேண்டும் என்றுதான் சொன்னது, புதிதாக எதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

இடம் மாற்ற முடியாத ஒரு பெண்டிங் வேலை மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு ஸ்லைடு செய்தார்கள்: பிளாங்க்கை கார்டுக்கு வெளியே வைத்து லிவரால் தள்ளினால் இடத்தில் போய் உட்காரும். வெளியே எடுக்க முதலில் காற்று ஊதினார்கள், வேலை செய்தது, ஆனால் நாள் முழுக்க அந்தச் சீறல் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் காது போய்விடும். அப்போது டை செட்டர்தான் ஞாபகப்படுத்தினார், அந்த பிரஸ் பின்னால் சாய்க்கக்கூடிய மாடல். போல்ட் துருப்பிடித்து யாரும் தொடாமலே கிடந்தது. எஜெக்டர் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டு, பிரஸ்ஸைப் பின்னால் சாய்த்ததும் பீஸ் தானாகப் பின்பக்கத் தொட்டியில் விழுந்தது.

லைட் கர்ட்டன்களைக் கழற்றி ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் மிஷின்களில் மாட்டினார்கள். அங்கேயும் எந்தத் தூரத்தில் என்பது முக்கியம். ஒளித்திரை மறிக்கப்பட்டதிலிருந்து ராம் நிற்க எடுக்கும் நேரத்தை சப்ளையர் கருவி வைத்து அளந்தார், ஒரு மிஷினில் 180 மில்லி விநாடி வந்தது. ஐஎஸ்ஓ 13855 என்ற சர்வதேசத் தரத்தின் கணக்கில் கை வேகம் நொடிக்கு 2 மீட்டர், ஆக குறைந்தது 360 மி.மீ. தள்ளி கர்ட்டன் இருக்க வேண்டும் (விரலைக் கண்டுபிடிக்கும் 14 மி.மீ. ரெசல்யூஷன் கர்ட்டனுக்கு இது, அதைவிடப் பெரியது என்றால் தூரம் கூடும்). 400-ல் வைத்து, பக்கவாட்டை வலையால் மூடினார்கள். பிரேக் தேய்ந்தால் நிற்கும் நேரம் கூடும் என்பதால் இதை அவ்வப்போது திரும்ப அளக்க வேண்டும், மெயின்டெனன்ஸ் அட்டவணையில் அதையும் சேர்த்தார்கள்.

அப்புறம் ரிஜிஸ்டர். டபுள் மார்க் பீஸ் ஒன்று வந்தாலும் அந்த அக்கா நேராகப் போய் மிஷினை ஆஃப் செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டாம், கிளட்ச்சைத் திறந்து பார்க்காமல் திரும்ப ஓடக் கூடாது. ஒரு மிஷினுக்கு வேறு வேலை மாற்றும்போது, கை எங்கே போகும் என்று டை செட்டரும் சூப்பர்வைசரும் நின்று பார்த்துக் கையெழுத்து போட வேண்டும். பயிற்சியை இந்தியில், மரக்குச்சியை வைத்துச் செய்து காட்டியே நடத்தினார்கள்.

அடுத்த மாதங்களில்

முதல் சில வாரம் உற்பத்தி குறைந்தது. ஒரு இரவு சூப்பர்வைசர் போய்ப் பார்த்தபோது ஒரு பிரஸ்ஸில் கார்டு கழற்றித் தரையில் கிடந்தது. கழற்றியவரை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார் முதலாளி. வேண்டாம் என்று சொல்லி, அந்த ஆளையே கேட்டோம். ஸ்க்ராப் அடைத்துக்கொள்கிறது, எடுக்கக் கார்டைத் திறக்க வேண்டும், அதற்கு ஸ்பானர் வேண்டும், ஸ்பானர் டை செட்டரிடம், அவர் இரவில் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கார்டுக்கு அடியில் ஸ்க்ராப் விழ வழி செய்து, முன்பக்கத்தைக் கீல் வைத்துக் கதவாக்கி, கதவு திறந்திருந்தால் பெடல் கம்பியை ஒரு தடுப்பு மறிக்கும்படி மாற்றினார்கள். ஃபிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறக்காமல், மோட்டாரை நிறுத்தி அது முழுசாக நின்ற பிறகே கையை விட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகு கார்டு கழற்றப்படவில்லை. அவரை நீக்கியிருந்தால் அடுத்தவர் கழற்றிவிட்டு, யாராவது வரும் சத்தம் கேட்டதும் மாட்டியிருப்பார், அவ்வளவுதான் மாறியிருக்கும்.

அந்த அக்கா இரண்டு தடவை மிஷினை நிறுத்தினார். ஒரு தடவை உண்மையிலேயே ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. இன்னொரு தடவை ஆபரேட்டர் அடித்த பீஸையே தெரியாமல் மறுபடி வைத்து அடித்திருந்தார், மிஷினில் பழுதில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் சத்தம் போட, முதலாளி வந்து, "நிறுத்தினது சரிதான்மா, இனியும் நிறுத்து" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பேனரை விட அந்த ஒரு வாக்கியம் அதிகம் செய்தது என்பது என் அபிப்பிராயம். அடுத்த ஒரு வருஷத்தில் பிரஸ்ஸில் யாருக்கும் விரல் காயம் இல்லை.

காயம்பட்ட பையன் திரும்பி வந்தான். பிரஸ் பக்கம் போகவே பயந்தான், ஸ்டோரில் போட்டார்கள். சில மாதத்தில் ஊருக்குப் போய்விட்டான். 'கவனக்குறைவு' என்று எழுதிய அறிக்கையை, அவன் போவதற்கு முன், திருத்தி எழுதி அவனுக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். அதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

மாற்ற வேண்டியவை

எஜெக்டர் பழுதுக்கு மிஷின் நிற்கும் நேரத்தை ஆபரேட்டரின் இன்சென்டிவிலிருந்து கழிப்பது இன்னும் முழுசாக நிற்கவில்லை, கான்ட்ராக்டர் கணக்கில் அது வேறு பெயரில் தொடர்கிறது. 12 மணி நேர இரவு ஷிப்டும் அப்படியே இருக்கிறது. ஆர்டர் கூடும் மாதங்களில் சில பெண்டிங் வேலைகள் இன்னும் சின்ன ஒர்க்‌ஷாப்களுக்கு வெளியே போகின்றன. அங்கே என்ன பிரஸ் இருக்கிறது, எஜெக்டர் இருக்கிறதா என்று போய்ப் பார்க்காமல் டையைக் கொடுத்து அனுப்பக் கூடாது.

இன்னொன்று. விபத்து நடந்த 30 டன் பிரஸ்ஸை ஓட்ட வேண்டாம் என்று முடிவு செய்தபின், கணக்குப் பிரிவு அதைப் பழைய மிஷின் வாங்கும் வியாபாரிக்கு ஓடும் நிலையிலேயே விற்றுவிட்டது, எடைக்குப் போட்டால் வருவதை விட விலை அதிகம் என்பதால். அது இப்போது வேறொரு ஷெட்டில் ஓடிக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, பெயின்ட் மட்டும் புதிதாக இருக்கும். இப்போது நான் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளில், ஒரு பிரஸ்ஸை ஒதுக்குவது என்று முடிவானால், வெளியே ஏற்றும் முன் கேஸ் கட்டரால் கிராங்க் ஷாஃப்டை வெட்டிவிட வேண்டும் என்றும், வெட்டியதைப் படம் எடுத்து ஃபைலில் வைக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.